அடுப்பங்கரையை அளந்த கதை

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மாசக்கணக்காச்சு. வேலை, குளிர், சோம்பேறித்தனம் என்று வழக்கமான காரணங்கள்தான், புதுசா ஒண்ணும் இல்லை. இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஊரிலிருந்து தம்பி வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு படம்.

ஊர் என்றால் வட்டவடை. தெரியாதவர்களுக்கு: மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை வழியாக 45 கிலோமீட்டர். இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. கணக்குக்குக் கேரளா, வீட்டுக்குள் பேச்சு தமிழ். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வயல். கேரட், உருளை, பீன்ஸ், மலைப்பூண்டு. எங்கள் ஊர்ப் பூண்டுக்கு 2022இல் காந்தளூரோடு சேர்த்துப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஜெர்மன்காரர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான் :-)

தம்பி இப்போது பழைய மண் வீட்டை ஒட்டி கான்கிரீட் வீடு கட்டுகிறான். அவன் அனுப்பிய படம், சமையலறைக்கு ஒரு மாடுலர் கிச்சன் கடைக்காரர் போட்டுக் கொடுத்த பிளான். பத்துக்கு எட்டு அடி அறை. இரண்டு பக்கமும் மேடை, உயரம் 36 அங்குலம். மேடைக்கு மேலே சுவர் முழுக்கக் கேபினெட். எங்கள் மேஸ்திரி முதலில் நாலுக்கு மூணு அடியில் ஒரு ஜன்னல் விட்டிருந்தார். கடைக்காரர் அதை அடைத்துவிட்டு, உச்சியில் ஒரு சின்ன வென்டிலேட்டர் மட்டும் வைத்திருந்தார். ஜன்னல் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு கேபினெட் கிடைக்குமாம்.

“அண்ணே, நீ இன்ஜினியர்தான, அளவெல்லாம் சரியான்னு பாத்துச் சொல்லு” என்று கீழே ஒரு வரி.

நான் எழுதுவது சாஃப்ட்வேர். சுவரில் ஆணி அடித்தால் கோணலாகப் போகும். ஆனாலும் அண்ணன் ஆயிற்றே, பார்த்தேன். பார்த்ததும் ஒரு கேள்வி வந்தது. இந்த 36 அங்குலத்தை யார் சொன்னது? மேடைக்கும் கேபினெட்டுக்கும் நடுவே 18 அங்குலம் என்று யார் முடிவு செய்தது? யாரை நிற்க வைத்து அளந்தார்கள்? தேடப் போய் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

முதலில் எங்கள் பழைய அடுப்பங்கரை. மண் சுவர், தாழ்ந்த கூரை. தரையோடு தரையாக அடுப்பு, பக்கத்தில் கொடி அடுப்பு. அம்மா பலகை போட்டு உட்கார்ந்தால் இடது கைக்கு அரிசிப்பானை, வலது கைக்கு விறகு, முதுகுக்குப் பின்னால் தண்ணிக் குடம், எட்டும் தூரத்தில் அம்மி. எழுந்திருக்காமலே பாதிச் சமையல் முடியும். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் விதைப் பூண்டு கட்டுக்கட்டாகத் தொங்கும். புகை பட்டால்தான் பூச்சி அண்டாது, அடுத்த நடவு வரைக்கும் தாங்கும்.

ஜன்னல்? உள்ளங்கை இரண்டு சேர்த்து வைத்த அளவில் ஒரு ஓட்டை. எங்கள் ஊர்க் குளிரும் காற்றும் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுப்புதான் வீட்டுக்கு ஹீட்டர். சூடு வெளியே போகக் கூடாது என்று ஜன்னலைச் சின்னதாக வைத்தார்கள். புகையும் உள்ளேயே தங்கியது. சின்ன வயதில் அடுப்பங்கரைக்குள் போனால் நான் குனிந்தேதான் நடப்பேன். நின்றால் கண் எரியும். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் நல்ல காற்று இருக்கும். உட்கார்ந்து சமைப்பதில் அந்த ஒரு சௌகரியமும் இருந்தது.

அம்மாவுக்கு இப்போது 68 வயது. இரண்டு வருஷம் முன்னால் இருமல் நிற்காமல் போய் டாக்டரிடம் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “பீடி குடிக்கிற பழக்கம் உண்டா?” அம்மா சிரித்துவிட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. அதனால்தான் புது வீட்டில் ஜன்னலை அடைத்த அந்தப் படம் என்னைத் தூங்கவிடவில்லை.

*

சரி, கதைக்கு வருவோம். சமையலறையை அளவெடுத்துத் திட்டம் போடும் வழக்கம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 1869இல் கேத்தரின் பீச்சர், தன் தங்கை ஹாரியட் பீச்சர் ஸ்டோவுடன் சேர்ந்து வெளியிட்ட வீட்டுப் பராமரிப்புப் புத்தகத்தில், சின்ன இடத்தில் எல்லாச் சாமானும் கைக்கெட்டும்படி அடுக்கிய ஒரு சமையலறைப் படம் இருக்கிறது. அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது கப்பலின் சமையல் அறை. வேலை செய்யும் பலகைக்கு எதிரே ஜன்னல் வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தவர் கிறிஸ்டின் ஃபிரெடெரிக். அந்தக் காலத்தில் ஃபிரெடெரிக் டெய்லர் என்பவர் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்சோடு நின்று தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளந்துகொண்டிருந்தார். இந்த அம்மையார் அதே வித்தையை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். 1912இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகையில் கட்டுரைகளாக எழுதி, 1913இல் புத்தகமாக்கினார். ஒரு வேளைச் சமையலுக்கு ஒரு பெண் எங்கிருந்து எங்கே நடக்கிறாள் என்று தரைப் படத்தில் கோடு இழுத்துக் காட்டினார். சாமான்கள் தாறுமாறாக இருக்கும் அறையில் கோடுகள் சிலந்திவலை மாதிரி பின்னிக் கிடக்கும். வரிசையாக வைத்த அறையில் ஒரே சுற்று.

மூன்றாவது லில்லியன் கில்பிரெத். பொறியியலாளர், உளவியலாளர், பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். கணவர் 1924இல் இறந்தபின் குடும்பத்தைத் தனியே தூக்கி நிறுத்தினார். 1929இல் புரூக்ளினில் ஒரு கேஸ் கம்பெனிக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஒரு கேக் செய்ய முன்பு 281 அடி எடுத்து வைக்க வேண்டியிருந்ததாம். அவர் முறையில் 45 போதும் என்று காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. மேடையின் உயரம் அங்கே நிற்கும் பெண்ணின் உயரத்தைப் பொறுத்து மாற வேண்டும் என்று அவர் சொன்னார். (அவர் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது என்பது வேறு விஷயம்!)

*

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். பிராங்பர்ட்டில் எட்டு வருஷமாக இருக்கிறேன். நவீன சமையலறையின் பாட்டி வீடு இங்கேதான் இருக்கிறது என்பது போன மாசம் வரை எனக்குத் தெரியாது. உள்ளூர்க் கோயில் உள்ளூர்க்காரனுக்குத் தெரியாது என்பது சரிதான்.

முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கே வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் நகராட்சி ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டியது. அந்த வீடுகளுக்குச் சமையலறை வரைய 1926இல் வியன்னாவிலிருந்து வந்தவர் மார்கரெட்டெ லிஹோட்ஸ்கி. கல்யாணத்துக்குப் பிறகு ஷூட்டெ-லிஹோட்ஸ்கி. அப்போது வயது 29. கிறிஸ்டின் ஃபிரெடெரிக்கின் எழுத்து ஜெர்மனில் வந்திருந்தது, அதைப் படித்தவர். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் குட்டிச் சமையலறையையும் பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்டார்.

அப்படிப் பிறந்ததுதான் ‘பிராங்பர்ட் கிச்சன்’. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 70 சதுர அடி. தம்பியின் சமையலறை 80 சதுர அடி, இதைவிடப் பெரிசு! இப்படி சுமார் பத்தாயிரம் சமையலறைகள் பொருத்தினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூ-1 ரயில் பிடித்து ரோமர்ஸ்டாட் போனேன். அங்கே எர்ன்ஸ்ட் மே இல்லம் என்று ஒரு வீட்டை அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ விசித்திரத்தைப் பார்க்கலாம் என்று போனால், நம்ம ஊர் அபார்ட்மெண்ட் கிச்சன் நிற்கிறது. ஒட்டி ஒட்டி அலமாரி, ஒரே மட்டத்தில் மேடை, சிங்க், மேலே கண்ணாடிக் கதவுக் கேபினெட். அரிசி, பருப்பு மாதிரிச் சாமான்களுக்குக் கைப்பிடி வைத்த அலுமினிய டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பெயர். மாவு வைக்க ஓக் மரப் பெட்டி, புழு அண்டாது என்பதற்காக. மரத்துக்கு நீலப் பச்சை வண்ணம். ஈ அந்த நிறத்தில் உட்காராது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அம்மா பரணில் பூண்டைத் தொங்கவிட்டதும் இந்த அம்மாள் ஓக் மரம் தேடியதும் ஒரே கவலையில்தான்.

ஆனால் என்னை அங்கேயே நிறுத்தியது ஜன்னல். அறையின் கடைசியில், சுவர் அகலத்துக்குப் பெரிய ஜன்னல். அதன் கீழே காய் நறுக்கும் பலகை. அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு சுழல் ஸ்டூல். சமைப்பவள் உட்கார்ந்து, வெளிச்சத்தில், வெளியே பார்த்துக்கொண்டு காய் நறுக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையை நின்று செய்து காலை ஒடித்துக்கொள்ளாதே என்பது முதல் நவீன சமையலறையின் விதிகளில் ஒன்று. நம் கடைக்காரர்கள் மேடையை எடுத்துக்கொண்டார்கள், கேபினெட்டை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டூலை வழியில் எங்கோ தவறவிட்டார்கள். ஜன்னலையும்.

குறை இல்லாமல் இல்லை. அறை ஒரே ஒரு ஆளுக்கு என்று அளந்தது. இரண்டாவது ஆள் நுழைந்தால் இடிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை, சமையலறையில் உட்கார்ந்து பேச முடியவில்லை என்று குடி வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ரோமர்ஸ்டாட்டில் எல்லா வீட்டுக்கும் மின்சார அடுப்பு கொடுத்தார்கள், அந்தக் காலத்தில் பெரிய புதுமை. கரண்ட் பில்லைப் பார்த்துச் சனங்கள் அலறினார்கள். இந்த இடம் படித்தபோது எங்கள் ஊர்ச் சிலிண்டர் ஞாபகம் வந்தது. ஜீப்பில் வந்து சேர வேண்டும், மழையில் பாதை அடைத்தால் வராது, வந்தாலும் விலை. ஒவ்வொரு வீட்டிலும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே விறகடுப்பும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

இன்னொன்று. பிற்காலத்தில் அந்த அம்மாளே சொல்லியிருக்கிறார்: அந்தச் சமையலறையை வரையும் வரைக்கும் அவர் வீடு நடத்தியதுமில்லை, சமைத்ததுமில்லை. அவர் வாழ்க்கையைச் சொன்னால் தனிப் பதிவு ஆகும். ஹிட்லருக்கு எதிரான தலைமறைவு இயக்கத்துக்காக இஸ்தான்புல்லில் இருந்து வியன்னா திரும்பி, 1941 ஜனவரியில் கைதாகி, போர் முடியும் வரை சிறையில் இருந்தவர். 2000 ஜனவரியில், 103ஆவது பிறந்த நாளுக்குச் சில நாள் முன்னால் இறந்தார். இத்தனை செய்தவரை உலகம் சமையலறைக்காக மட்டுமே ஞாபகம் வைத்திருக்கிறது.

*

அப்போ அந்த 36 அங்குலம்?

மேடை, அடுப்பு, சிங்க் எல்லாம் ஒரே கோட்டில் ஓட வேண்டும் என்றால் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து அனுப்ப வேண்டும் என்றால் உயரம் ஒன்றுதான் இருக்க முடியும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அது 36 அங்குலம் என்று நிலைத்துவிட்டது. ஆளுக்குத் தக்க உயரம் என்ற கில்பிரெத்தின் பேச்சு அதோடு அடங்கிப்போனது. 1944இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சிறு வீடுகளுக்கென்று ஒரு ஆய்வு மையம் தொடங்கினார்கள். அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 26 அடியைத் தாண்டக் கூடாது என்ற பிரபலமான விதி அந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

இன்றைக்கு உலகம் முழுக்கக் கடைக்காரர்கள் சொல்லும் மற்ற அளவுகளையும் எழுதிவிடுகிறேன், வீடு கட்டுபவர்களுக்கு உதவும். மேடை ஆழம் 24 அல்லது 25 அங்குலம். மேல் கேபினெட் ஆழம் 12. நிமிரும்போது நெற்றி இடிக்காமல் இருக்க. மேடைக்கும் மேல் கேபினெட்டுக்கும் நடுவே 18. அடுப்புக்கு மேலே மட்டும் 24 முதல் 30 வரை ஒன்றும் இருக்கக் கூடாது, தீப்பிடிக்கும். எதிர் எதிர் மேடைகளுக்கு நடுவே ஒரு ஆள் என்றால் 42, இரண்டு ஆள் என்றால் 48. திறக்கிற ஜன்னலுக்கு அடியில் அடுப்பு வைக்கக் கூடாது. காற்று தீயை அணைக்கும், திரைச்சீலை இருந்தால் பற்றும். ஜன்னலுக்கு அடியில் சிங்க் வைக்கலாம், ஆனால் கதவு உள்பக்கம் திறந்தால் குழாயில் இடிக்கும். (என் பிராங்பர்ட் வீட்டில் இதே கூத்துதான். ஜன்னல் திறக்க வேண்டுமென்றால் குழாயின் கழுத்தைத் திருப்ப வேண்டும்.)

இந்த அளவுகளில் எதுவும் முட்டாள்தனமில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு உடம்பை வைத்து அளந்த ஒருவர் இருக்கிறார். சிக்கல், அந்த உடம்பு வட்டவடையில் இல்லை.

*

நம் ஊரில் அடுப்பு தரையிலிருந்து எழுந்து நின்றது சமீபத்தில்தான். 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் சமையல் கேஸ் விற்கத் தொடங்கியது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. கேஸ் அடுப்பைத் தரையில் வைக்க முடியாது, சிலிண்டர் கீழே இருக்க வேண்டும். ஆகவே மேடை. கடப்பாக் கல்லைப் பதித்த மேடை அப்படித்தான் தமிழ் வீடுகளுக்குள் வந்தது. பிறகு மிக்ஸி வந்தது, அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைக்குப் போயின. உட்கார்ந்த பெண்கள் நின்றார்கள். அதை முன்னேற்றம் என்றோம். பாதி உண்மைதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மேல்நாட்டில் அடுப்பு மேடைக்குள்ளேயே பதிந்திருக்கும், மேடை 36 என்றால் தீயும் அதே மட்டத்தில். நம் கேஸ் அடுப்பு மேடைக்கு மேல் உட்காரும், அது ஒரு நாலைந்து அங்குலம். அதன் மேல் எட்டு அங்குலச் சோற்றுப்பானை. ஆகக் கிளறும் கை நாலடியைத் தாண்டித் தூக்க வேண்டும். அந்த 36 நமக்கு 36 இல்லை.

அரசாங்கம் ஒன்றும் சொல்லவில்லையா? தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால் 7.5 சதுர மீட்டர், அகலம் 2.1. திறந்த வெளியைப் பார்த்து குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல். எங்கள் மேஸ்திரி விட்ட நாலுக்கு மூணு அடியைக் கணக்குப் போட்டேன்: 1.1 சதுர மீட்டர்! அவர் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

புகைக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகையில்லாச் சமையலறை என்பதை முன்வைத்து ஒரு புத்தகம் எழுதினார். 1953இல் மெட்ராஸில் அச்சானது. மூன்று பானைக்கு ஒரே தீ, கடைசியில் கூரைக்கு மேலே போகும் புகைக்குழாய் என்று எளிமையான மண் அடுப்பு. அடுத்து 1983இல் மத்திய அரசு மேம்படுத்திய அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002இல் முடிப்பதற்குள் மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளை வைத்தது. பல வீடுகளில் அவை ஒன்றிரண்டு வருஷம்கூட ஓடவில்லை. குழாயைச் சுத்தம் செய்ய ஆளில்லை, பானை ஓட்டையில் பொருந்தவில்லை. பானையை வைப்பவளைக் கேட்காமல் ஓட்டை போட்டால் வேறென்ன ஆகும்?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் புகையை அளந்து 2002இல் வெளியிட்டது. விறகு எரிக்கும் வீட்டில் சமைப்பவர் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றில் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம் நுண்துகள். அதே போன்ற வீட்டில் சமைக்காதவர்களில் மிகக் குறைந்த பிரிவினருக்கு 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில் 82. அதாவது ஒரே கூரைக்குக் கீழே, அடுப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறோம் என்பதைப் பொறுத்து நுரையீரல் மாறுகிறது. என்ன எரிக்கிறோம், சமையலறை வீட்டில் எங்கே எப்படி இருக்கிறது, அடுப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் என்பவைதான் முக்கியக் காரணங்கள் என்றது அந்த ஆய்வு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் 49 சதவீத வீடுகளில் விறகுதான் முதல் எரிபொருள். 2016இல் உஜ்வலா வந்து கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சிலிண்டர் போனது உண்மை. போன வீடுகளில் விறகடுப்பு அணையவில்லை என்பதும் உண்மை.

*

இதையெல்லாம் படித்து முடித்த மிதப்பில் தம்பிக்குப் போன் போட்டேன்.

“முதல்ல அம்மாவ அளந்து சொல்லுடா.”

“எதுக்கு, சட்டை தைக்கவா?”

ஸ்கூல் போகும் தம்பி மகன்தான் டேப் எடுத்துவந்து அளந்தான். அம்மா உயரம் நாலு அடி பத்து அங்குலம். நேராக நின்று கையை மடக்கினால் தரையிலிருந்து முழங்கை 36 அங்குலம். கடைக்காரரின் மேடை அம்மாவின் முழங்கை மட்டத்தில்! மேடை முழங்கைக்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக அம்மாவுக்கு 30 முதல் 32. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் நாலு அங்குலம் தாழ்ந்து 28.

மளமளவென்று புதுப் படம் வரைந்து அனுப்பினேன். ஜன்னல் திரும்பவும் வந்தது, அதன் கீழே உட்கார்ந்து காய் நறுக்கும் பலகை, ஸ்டூல், எல்லாம் தாழ்வாக. பிராங்பர்ட்டிலிருந்து வட்டவடைக்கு நேர் பாதை போட்ட மாதிரி எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் தம்பி சம்சாரம் கூப்பிட்டாள். எப்போதாவதுதான் பேசுவாள்.

“மாமா, படம் பாத்தேன். நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கலாமா? நான் அஞ்சடி மூணங்குலம். இன்னும் முப்பது வருசம் அங்க நிக்கப் போறது நானு. குனிஞ்சே நின்னா இடுப்பு போயிராதா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. சமைக்காமலே சமையலறை வரைந்தவர்களைப் பற்றி மூன்று வாரம் படித்துவிட்டு, நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

“நீயே சொல்லும்மா” என்றேன். சொன்னாள். ஜன்னலுக்குக் கீழே சிங்க் வேண்டும், பாத்திரம் கழுவும்போது பிள்ளைகள் ஸ்கூல் விட்டு ஏறிவரும் பாதை தெரிய வேண்டும். சிங்க் பக்கத்து மேடை அவள் உயரத்துக்கு 34. எதிர்ப்பக்க மேடை அத்தைக்கு 31. அதன் ஓரத்தில் அடுப்புக்கு மட்டும் 28. இவளும் பெரிய பானையை அதில்தான் கிளறப் போகிறாள், தாழ்ந்திருந்தால் அவளுக்கும் நல்லது. எட்டடி அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மேடை போனால் நடுவே நாலு அடி, 48 அங்குலம். மாமியாரும் மருமகளும் முதுகு இடிக்காமல் நிற்கலாம். ஜன்னல் சுவரில் மேல் கேபினெட் கிடையாது. அடுப்புக்கு மேலே உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

விறகடுப்பு? அதை உள்ளே விடவே கூடாது என்று நான். அது இல்லாமல் வெந்நீருக்கு என்ன செய்வது என்று அம்மா. பூண்டுப் பரண் எங்கே போகும் என்று தம்பி. கடைசியில் பின்பக்கம் சாய்ப்பு இறக்கி, புகைக்குழாய் வைத்த மண் அடுப்பு, மேலே பரண் என்று முடிவானது. குழாய்க்கு நடுவில் ஒரு தகட்டு மூடி. பூண்டு தொங்கும் காலத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அதைச் சாத்தினால் புகை பரணுக்குப் போகும். சாய்ப்புக்குச் சுவர் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்ட சல்லடைச் சுவர். இது லாரி பேக்கரின் வித்தை. 1960களில் எங்கள் மாவட்டத்து வாகமண்ணில் குடியிருந்து பிறகு திருவனந்தபுரம் போனவர். ஜன்னல் போடக் காசில்லாத இடத்தில் சுவரையே ஜன்னலாக்கிக் காட்டியவர்.

கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. “பெட்டி கம்பெனியிலேருந்து ஒரே சைஸ்லதான் வரும் சார், மூணு உயரம் எல்லாம் நடக்காது” என்றுவிட்டார். கொடுத்த பதினைந்தாயிரம் அட்வான்ஸ் திரும்பி வராது. தம்பிக்கு அதில் என்மேல் வருத்தம், சரியாகப் பேசுவதில்லை. ஊரில் மூன்று பேர் வீட்டில் பளபளவென்று மாடுலர் கிச்சன் இருக்கிறது, நம் வீட்டில் மட்டும் மேஸ்திரி கட்டிய செங்கல் மேடையா என்று அவனுக்கு. அவன் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. கஷ்டப்பட்டுக் கட்டுகிற வீடு நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா?

நேற்று அம்மாவிடம் பேசினேன். மேஸ்திரி சிங்க் பக்கத்து மேடைக்குக் கல் பதித்துவிட்டாராம். எதிர்ப்பக்கம் பாதி எழும்பியிருக்கிறதாம்.

“போய் நின்னு பாத்தியாம்மா?”

“பாத்தேன்ப்பா. கை தோதா இருக்கு. ஜன்னல் தொறந்து வச்சா குளுருதுதான். இருக்கட்டும்.” கொஞ்சம் இருமினார். பிறகு, “அந்தச் சுத்துற முக்காலி சொன்னியே, அது மூணாறுல கெடைக்குமா, இல்ல நீ வர்றப்ப கொண்டாறியா?” என்றார்.

தை மாசம் பால் காய்ச்சுகிறார்கள். டிக்கெட் போட்டாச்சு. ஸ்டூலை எப்படி லக்கேஜில் கொண்டுபோவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பிளானில் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு சமைக்கிறவரிடம் போங்கள். அஞ்சு நிமிஷ வேலை.